கணினி அறையில் ஒரு மாற்றம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணையிலிருந்து நம் கணினி அறையில் வேர்ட், எக்செலுக்குப் பதிலாக, கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் உதவும் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் பாவிக்கிறோம். "பிள்ளைகளுக்கு வேர்ட் சொல்லித் தருவதை நிறுத்திவிட்டீர்களாமே" என்று போன வாரம் கேட்டடியில் இரண்டு பேர் கேட்டீர்கள். அதனால்தான் ஆற அமர எழுதுகிறேன்.

போன வருடம் தரம் 10 மாணவி ஒருத்திக்காக வீட்டில் தோட்டை அடகு வைத்து பழைய லெப்டொப் ஒன்று வாங்கினார்கள். வேர்டும் எக்செலும் போட்டுத்தர கடையில் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். அது திருட்டுப் பிரதி என்பது அந்த வீட்டுக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் திரையின் மேலே சிவப்புப் பட்டை வந்தது. அப்புறம் வாசிக்க மட்டும்தான் விட்டது, எழுத விடவில்லை. ஒப்படை கொடுக்க வேண்டிய நாளில் பிள்ளை வெறுங்கையோடு வந்து நின்றாள். அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை.

லிப்ரே ஒபிஸுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், சட்டப்படி அதில் பிழையில்லை. அதன் மூலநிரல், அதாவது மென்பொருளை உருவாக்க எழுதிய கட்டளைகள், எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஓப்பன் ஒபிஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்தது இது. சும்மா கிடைப்பது சொத்தையாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசே தன் 30,000 கணினிகளை இதற்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்தியை ஒழுங்குபடுத்துவது, கூட்டுத்தொகை, சராசரி காண்பது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான், எக்செலில் இதற்கு எழுதும் சூத்திரத்தை லிப்ரே ஒபிஸின் கணக்கு அட்டவணைப் பகுதியான கல்க்கிலும் அப்படியே எழுதலாம். சில பட்டன்கள் இருக்கும் இடம்தான் வேறு. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் வேர்ட் இருந்தாலும் சில நாட்களில் கை பழகிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை கல்க் பாடத்துக்கு ஒரு மாணவன், தோட்டத்தில் அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை எழுதிய கொப்பியைக் கொண்டுவந்தான். ஒரு நிரலில் திகதி, அடுத்ததில் கிலோ, மொத்தம் 22 நாள். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய நிறை, 18 கிலோ என்று வைத்து, அதற்கு மேல் எடுத்த கிலோவை மூன்றாம் நிரலில் கழித்துப் போட்டான். கடைசிக் கட்டத்தில் கூட்டுத்தொகை வந்ததும் கொப்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குக் காட்ட ஒரு பிரின்ட் எடுக்கலாமா சேர்?" என்று கேட்டான். அந்தத் தாளை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேர்டில் செய்த கோப்பை இதில் திறந்தாலும், இதில் செய்ததை வேர்டில் திறந்தாலும் சில நேரம் வரி இடம் மாறும், அட்டவணை குலையும். ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுப்பவர்கள், பிள்ளையிடம் கோப்பை வடிவம் குலையாத பிடிஎஃப் ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்கென்று திரையின் மேலேயே ஒரு பட்டன் இருக்கிறது. தமிழையும் இனி எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட்டில்தான் தட்டச் சொல்கிறோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கட்டுரையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைகால் புரியாத ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.

வீட்டில் லெப்டொப் இருந்தால் டேட்டா போட்டு இறக்க வேண்டாம், சுமார் 350 எம்பி போய்விடும். நாங்கள் இறக்கி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் கணினி ஆசிரியர் போட்டுத் தருவார், காசு எதுவும் இல்லை. பின்னேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. லெப்டொப்பை இரண்டு சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள், சார்ஜரையும் சேர்த்து.

இப்படிக்கு,
அதிபர்