பேராசிரியர் நியமனமும் பென்சில் மதிப்பெண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். பல்கலைக்கழக ஆசிரியர் நியமனங்களை எதிர்த்து உயர்நீதிமன்றங்களில் தொடுக்கப்படும் ரிட் மனுக்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வல்லுநர் குழுவின் மதிப்பீட்டில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை என்ற ஒரே வரியில் பல மனுக்கள் தள்ளுபடியாகின்றன. முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து, பத்துப் பன்னிரண்டு தேர்வுக் குழுக்களில் துறை வல்லுநராகவும் அமர்ந்தவன் என்ற முறையில் அந்த வரியை நான் ஏற்கிறேன். ஆனால், எதை நம்பி அந்த வரி எழுதப்பட்டதோ, அது இன்றைய தேர்வு அறைகளில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

அந்த வரியின் வேர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் ரீடர் (இன்றைய இணைப் பேராசிரியர் நிலை) பதவிக்கு நடந்த ஒரு நியமனத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அளித்த முதுகலைப் பட்டம் விளம்பரத்தில் கேட்ட தகுதிக்கு ஈடாகுமா என்பதே முக்கியச் சிக்கல். நியமனத்தை மைசூர் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1963இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வுக்காகத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கஜேந்திரகட்கர், கல்வி சார்ந்த கேள்விகளில் வல்லுநர்களின் கருத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றங்கள் தயங்க வேண்டும் என்று கூறி நியமனத்தை நிலைநாட்டினார். பின்னர் சோலுங்கே வழக்கில், தேர்வுக் குழுவின் முடிவின் மீது நீதிமன்றம் மேல்முறையீடு கேட்பதுபோல் அமர முடியாது என்றும், குழு அமைக்கப்பட்ட விதத்திலோ அது பின்பற்றிய நடைமுறையிலோ வெளிப்படையான பெரும் முறைகேடு இருந்தாலோ, தேர்வைப் பாதித்த உள்நோக்கம் நிரூபிக்கப்பட்டாலோ மட்டுமே தலையிடலாம் என்றும் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. ஒளிச்சேர்க்கை ஆய்வு செய்தவரையும் பாசி வகைப்பாட்டில் ஆய்வு செய்தவரையும் எதிரெதிரே நிறுத்தி, யார் சிறந்தவர் என்று ஒரு நீதிபதி தீர்ப்பளிப்பதை நானும் விரும்பமாட்டேன்.

ஆனால் முறைகேட்டையோ உள்நோக்கத்தையோ மனுதாரர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? இதைப் புரிந்துகொள்ள, விதிகள் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் தேர்வில் கல்விப் பதிவுக்கும் ஆய்வுப் பணிக்கும் 50 சதவீதம், துறை அறிவுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் 30 சதவீதம், நேர்முகத் தேர்வுக்கு 20 சதவீதம் என்று எடை பிரிக்கப்பட்டிருந்தது. ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணிக்கையால் அளந்த அந்த முறை போலி ஆய்விதழ்கள் பெருக வழிசெய்தது என்ற குறை உண்மையானது. ஆனாலும் மதிப்பெண்ணில் பாதியாவது தாளில் இருந்தது. தவறிருந்தால் எவரும் கூட்டிப் பார்த்துச் சுட்டிக்காட்ட முடிந்தது. 2018ஆம் ஆண்டு விதிகள், கல்வி மதிப்பெண் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பவர்களைச் சுருக்கிப் பட்டியலிட மட்டுமே பயன்படும் என்றும், தேர்வு முழுவதும் நேர்முகத் தேர்வின் அடிப்படையிலேயே அமையும் என்றும் கூறுகின்றன. முனைவர் பட்டம், தகுதித் தேர்வு, கட்டுரைகள், பணி அனுபவம் எல்லாம் கதவு வரை கூட வந்து வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

1980இல் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை வழக்கில், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்றும், 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. வயதும் முதிர்ச்சியும் உடையவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நேர்முகத் தேர்வுக்குக் கூடுதல் எடை தரலாம் என்று 1981இல் லீலா தர் வழக்கில் அந்த நீதிமன்றமே விளக்கியிருப்பதால், ஆசிரியர் தேர்வுக்கு 15 சதவீத வரம்பு பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும், நூற்றுக்கு நூறும் நேர்முகத் தேர்வு என்றான பிறகு, அந்த அறைக்குள் நடந்ததற்கு எழுத்தில் சான்று இருக்க வேண்டிய தேவை பன்மடங்கு கூடியிருக்கிறது.

அந்த அறை எப்படி இயங்குகிறது என்பதற்கு, நான் கண்ட ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகம். ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் அழைக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் ஒவ்வொருவரின் முன்னும் பெயர்ப் பட்டியலும் நன்றாகச் சீவிய ஒரு பென்சிலும் வைக்கப்பட்டிருந்தன. நான் பேனாவை எடுத்தபோது, "ஐயா, பென்சிலிலேயே போடுங்கள், கடைசியில் கலந்து பேசிக்கொள்ளலாம்" என்று பணிவாகச் சொன்னார்கள். மாலையில் கலந்து பேசினோம். பிற்பகலில் நான் 17 போட்டிருந்த ஒருவருக்கு 11 என்றும், தன் ஆய்வேட்டின் தலைப்பையே தடுமாறிச் சொன்ன ஒருவருக்கு 18 என்றும் தொகுப்புப் பட்டியல் தட்டச்சாகி வந்தது. மறுத்தேன்; மற்றவர்கள் கையெழுத்திட்டுவிட்டார்கள். என் மறுப்பைக் குறிப்பாக எழுதித் தரக் கேட்டதற்கு, அதற்கென்று படிவம் இல்லை என்றார்கள். கடைசியில் நானும் கையெழுத்திட்டேன். அந்தப் பதினேழு மதிப்பெண்காரர் வழக்குத் தொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. தொடுத்திருந்தால், ஐந்து வல்லுநர்கள் ஒருமனதாக எடுத்த முடிவு என்ற பதிலே அவருக்குக் கிடைத்திருக்கும். அந்த ஐவரில் நானும் ஒருவன் என்பதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இப்படிப்பட்ட அறைக்கு எதிராக ஒரு விண்ணப்பதாரர் நீதிமன்றம் போனால் எத்தனை கதவுகள் மூடியிருக்கின்றன என்று பாருங்கள். விதியில் சொல்லியிருந்தாலன்றித் தேர்வுக் குழு காரணங்களைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதன் பணி நிர்வாகம் சார்ந்ததே என்று பெங்களூரின் நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. குழு உறுப்பினர் ஒருவர் பாரபட்சமானவர் என்று கூறினால், முதலிலேயே ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று கேட்பார்கள். லக்னோ பல்கலைக்கழக மானிடவியல் பேராசிரியர் பதவி தொடர்பான 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த அடிப்படையிலேயே மனுதாரரைத் திருப்பி அனுப்பியது. எதிரே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது உள்ளே நுழைந்த பிறகே விண்ணப்பதாரருக்குத் தெரிகிறது. பதினைந்து நிமிடத்தில் தன் பிழைப்பையே தீர்மானிக்கப் போகிறவர்களிடம் எந்த இளைஞர் எழுந்து நின்று ஆட்சேபம் சொல்வார்? தேர்வில் கலந்துகொண்டது விதிமீறலையே ஏற்றுக்கொண்டதாகாது என்று 2019இல் மீதா சகாய் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தக் கடுமையைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பது ஆறுதல்.

தாள் இருக்கும் இடத்தில் நீதிமன்றங்கள் தயங்குவதில்லை. கண்ணூர்ப் பல்கலைக்கழக மலையாள இணைப் பேராசிரியர் நியமனத்தில், முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செலவிட்ட காலமும் வேறு பணிகளில் கழிந்த காலமும் கற்பித்தல் அனுபவமாகுமா என்ற கேள்வி எழுந்தது. 2022இல் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆகாது என்றார். 2023இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. எது சரி என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் பணிக்கால ஆவணங்கள் மேசை மீது இருந்ததால், இரு தரப்புக் காரணங்களையும் ஊரே படித்து எடைபோட முடிந்தது. பென்சில் மதிப்பெண்ணைப் பற்றி அப்படியொரு தீர்ப்பை எவராலும் எழுத முடியாது.

ஆகவே நான் கோருவது எளிது. ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனித் தாளில், அழியாத மையில், ஒவ்வொரு விண்ணப்பதாரரும் வெளியேறிய உடனே மதிப்பெண் இட வேண்டும். பாட அறிவுக்கு எவ்வளவு, கற்பித்தலுக்கு எவ்வளவு, ஆய்வுக்கு எவ்வளவு என்பது முதல் நபர் அழைக்கப்படும் முன்பே பதிவாக வேண்டும். மாறுபட்ட கருத்தை எழுத ஒரு பத்தி இடம் இருக்க வேண்டும். தேர்வு தொடங்கிய பின் நடுவழியில் விதியை மாற்றக் கூடாது என்றும், விதிகள் அனுமதிக்கும் இடத்தில் அளவுகோல் வகுப்பதாயினும் அந்தக் கட்டம் தொடங்கும் முன்பே வகுக்க வேண்டும் என்றும் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியிருப்பதால், இரண்டாவது கோரிக்கைக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது.

மதிப்பெண் தாள்கள் வெளியே போனால் வல்லுநர்கள் குழுக்களுக்கு வரவே அஞ்சுவார்கள் என்று சில துணைவேந்தர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொடர்பான உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு வழிகாட்டியிருக்கிறது: விடைத்தாளையும் நேர்முகத் தேர்வின் தொகுப்புப் பட்டியலையும் கேட்பவருக்குத் தர வேண்டும், மதிப்பிட்டவரின் பெயரைத் தர வேண்டியதில்லை. பெயரை மறைத்து மதிப்பெண்ணைத் தருவதில் எந்த வல்லுநருக்கும் இழுக்கில்லை. நேர்மையாகத் தேர்வானவருக்கும் இதுவே பாதுகாப்பு. "ரிட் மனுவின் இறுதி முடிவுக்கு உட்பட்டது" என்ற வாசகத்தோடு நியமன ஆணை பெற்று, வழக்கு முடியும்வரை சக ஆசிரியர்களின் சந்தேகப் பார்வைக்கு நடுவே பாடம் நடத்தும் இளைஞர்களை நான் அறிவேன்.

மானியக் குழு விதியைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒரு தீர்மானம் போதும். உயர்நீதிமன்றங்களும் இத்தகைய மனுக்களை விசாரணைக்கு ஏற்கும் நாளிலேயே, உறுப்பினர்களின் அசல் மதிப்பெண் தாள்களை மூடி முத்திரையிட்டு ஒப்படைக்குமாறு பதிவாளருக்கு உத்தரவிடலாம். அப்படிப்பட்ட தாள்கள் இல்லை என்று பதிவாளர் சொன்னால், வல்லுநர் குழு கூடி மதிப்பிட்டது என்ற வாதத்தை எதன் அடிப்படையில் ஏற்பது என்று அன்றே அவரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.