டேப் வாங்கப் போனால் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சின்ன டேப்லெட்டுகளை ஒப்பிட்டு வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிராசசர், ரேம், கேமரா, பேட்டரி எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் நான் தேடியது கடைசி வரை வரவில்லை. இதில் தமிழ் எப்படித் தெரியும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் படிக்க முடியுமா, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் வரும் கட்டுரையில் அது இல்லாவிட்டால் வேறு எங்கே போய்த் தேடுவது?

நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பலர் இன்றும் தெருவில் பார்த்தால் நின்று, "மேடம், அப்பாவுக்கு ஒரு டேப் வாங்கணும், படிக்க, பாட்டுக் கேட்க, பேரப்பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச, எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்காக நானே தேடி அலைந்து, ஒரு முறை ஏமாந்து, அப்புறம்தான் கொஞ்சம் புரிந்துகொண்டேன். அது பிறருக்கும் உதவட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் 7 அங்குல டேப் ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். திரை 1024-க்கு 600 பிக்சல்தான், அதாவது திரையில் எழுத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள் குறைவு. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எழுத்தெல்லாம் கறுத்துப் போகும். அம்மா நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, "இதில் கண்ணுக்கு என்னவோ செய்யுதும்மா" என்று மூடி வைத்துவிட்டார். ஒரு வருடத்துக்குள் பேட்டரி உப்பிப் பின்பக்க மூடியே தூக்கிக்கொண்டது. பணம் போனதைவிட, இனிமேல் இந்த மாதிரிப் பொருளே தனக்கு ஒத்துவராது என்று அம்மா முடிவு செய்துவிட்டாரே, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த முறை வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டேப்பின் அளவை அங்குலத்தில் சொல்கிறார்கள், அது மூலைக்கு மூலை அளக்கும் அளவு, அதை வைத்துப் படிக்க வசதியா என்று சொல்லவே முடியாது. படிப்பவருக்கு வேண்டியது அகலம். நம் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை கிரவுன் அளவு அல்லது டெம்மி அளவு. கிரவுன் என்றால் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், டெம்மி என்றால் சுமார் 14. இப்போது பரவலாகக் கிடைக்கும் 8.7 அங்குல டேப்களின் திரையை, உதாரணமாக சாம்சங் கேலக்சி டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ 8.7 இரண்டையும் எடுத்துக்கொண்டால், நிமிர்த்திப் பிடிக்கும்போது அகலம் 11.3 சென்டிமீட்டர், உயரம் 19. அதாவது கிரவுன் புத்தகத்தின் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே தெரியும், டெம்மி பக்கம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். 8.3 அங்குல ஐபேட் மினியின் அகலம் 11.6. எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது, அகலம் என்னவோ கொஞ்சம் கூடுதல். 6.7 அங்குல செல்போனில் வெறும் 7 சென்டிமீட்டர்தான், அதனால்தான் போனில் பிடிஎஃப் திறந்தால் பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பெரிய போன் இருக்கும்போது சின்ன டேப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் 11 அங்குலமே வாங்கிவிடலாமே என்பார்கள். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படித்துப் பார்க்கட்டும். பெரிய டேப்கள் அரைக் கிலோவை ஒட்டி வருகின்றன, உறையும் போட்டால் இன்னும் ஏறும். டேப் ஏ9 332 கிராம், ஐபேட் மினி 300-க்கும் கீழே. 80 வயது தாண்டிய கைக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

அடுத்தது பிக்சல். இதை நம் ஊர் விமர்சனங்களில் யாரும் தமிழோடு சேர்த்துப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆங்கில எழுத்துக்குப் போதுமான திரை தமிழ் எழுத்துக்கும் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி இருக்கிறது. எழுத்து சின்னதாகித் திரையில் பிக்சலும் குறைவாக இருந்தால் முதலில் மங்குவது அந்தப் புள்ளிதான். எ, ஏ இரண்டுக்கும் அடியில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம், ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழி. ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம், அச்சே கொஞ்சம் பரவியிருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய லை, னை வேறு இருக்கும். அம்மாவுக்கு அவை பழக்கமான எழுத்துகள்தான், ஆனால் மங்கலான திரையில் அந்த வளைவுகள் ஒரே கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. நான் சொன்ன 8.7 அங்குல டேப்களில் 1340-க்கு 800 பிக்சல், அங்குலத்துக்கு சுமார் 180. ஐபேட் மினியில் அங்குலத்துக்கு 326, அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில் 300. ஸ்கேன் செய்த ஒரே பக்கத்தை 8.7 அங்குல டேப்பிலும் ஐபேட் மினியிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்காக எல்லோரும் ஐபேட் மினி வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போதைய மாடல் 2024-இல் வந்தபோது ஆரம்ப விலையே 49,900 ரூபாய். அந்தப் பணத்தை எல்லா வீட்டிலும் எடுத்து வைக்க முடியாது. விலை குறைந்த டேப்பிலும் ஒரு வழி இருக்கிறது. ஸ்கேன் செய்த புத்தகத்தைப் படிக்கும்போது டேப்பைப் படுக்கவாட்டில் திருப்பிக்கொண்டால், 14 சென்டிமீட்டர் டெம்மி பக்கம் 19 சென்டிமீட்டருக்கு விரியும், 800 பிக்சலுக்குப் பதில் 1340 பிக்சல் அந்த அகலத்துக்குக் கிடைக்கும், புள்ளி தெளிவாகத் தெரியும். ஒரு பக்கத்தை மூன்று பகுதியாகத் தள்ளிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா இப்படித்தான் படிக்கிறார். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃப்தான் என்பதால் இந்த ஒரு பழக்கம் ரொம்ப உதவுகிறது.

ஸ்கேன் அல்லாத, எழுத்தாகவே இருக்கும் புத்தகங்கள் என்றால் இந்தக் கவலையே இல்லை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், நாட்டுடைமையான நூல்கள் நிறைய ஏறியிருக்கும் தமிழ் விக்கிமூலம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், எல்லாவற்றிலும் காசில்லாமல் எடுக்கலாம். இபப் என்ற மின்னூல் வடிவத்தில் இறக்கிக்கொண்டால் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம், வரிகள் திரைக்கு ஏற்றபடி தாமாக மடங்கிக்கொள்ளும். எழுத்து பெரிதானால் 180 பிக்சலே தாராளம். இன்னொரு வசதியும் உண்டு. யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டில் அமைந்த எழுத்தாக இருந்தால் டேப்பே அதைத் தமிழில் வாசித்துக் காட்டும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும், கண்புரை அறுவை முடிந்து படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நாட்களில் அம்மாவுக்கு அந்தக் குரல்தான் துணையாக இருந்தது. ஸ்கேன் பக்கத்தையோ, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பழைய பிடிஎஃப்பையோ அப்படி வாசிக்க வைக்க முடியவில்லை.

கிண்டிலைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, என் தம்பி கொடுத்தது. திண்ணையில் வெயில் அடிக்கும்போதும் காகிதம் மாதிரித் தெரியும், கண் கூசாது, சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். படிப்பு ஒன்றுக்குத்தான் என்றால் நான் தயங்காமல் அதைச் சொல்வேன். ஆனால் 6 அங்குலக் கிண்டிலின் அகலம் 9 சென்டிமீட்டர்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அம்மாவுக்குத் தேவையான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் "சொல்லிக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரு சொல்லே ஒரு வரியை முழுக்க எடுத்துக்கொள்கிறது, அடுத்த வரியில் இரண்டே சொல், நடுவில் பெரிய இடைவெளி. படிக்கும் ஓட்டமே போய்விடுகிறது. பேப்பர்வைட் என்ற 7 அங்குலக் கிண்டிலில் இது கொஞ்சம் குறையும். ஸ்கேன் பிடிஎஃப் மட்டும் எந்தச் சின்னக் கிண்டிலிலும் வேண்டாம், பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்துவதற்குள் பொறுமை போய்விடும். நம் எம்பி3 பாட்டுகளை அதில் போட்டுக் கேட்கவும் முடியாது.

பாட்டு என்று வரும்போது, கடைக்காரர்கள் முக்கியமில்லை என்று ஒதுக்கும் இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று மெமரி கார்டு போடும் இடம், இன்னொன்று ஹெட்போன் துளை. வீட்டில் இருந்த கேசட்டுகளை எல்லாம் தம்பி பல மாதம் உட்கார்ந்து எம்பி3-ஆக மாற்றிக் கொடுத்தான். அம்மாவின் நாதஸ்வரக் கச்சேரிகள், பழைய சினிமாப் பாட்டுகள், எங்கள் அப்பா ஒரு கல்யாணத்தில் பாடியது உட்பட. அத்தனையும் ஒரு 32 ஜிபி கார்டில் அடங்கி இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது. 128 கேபிபிஎஸ் என்ற ஒலித் தரத்தில் அந்தக் கார்டு 500 மணி நேரத்துக்கு மேல் பாடும். கார்டைச் செருகினால் போதும், நெட்டும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். ஹெட்போன் துளை இருப்பதால் பழைய ஆம்ப்ளிஃபையரில் ஒரு வயரைச் செருகிக் கூடம் முழுக்கக் கேட்க வைக்க முடிகிறது. ஐபேட் மினியில் இந்த இரண்டுமே இல்லை. டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ 8.7 இரண்டிலும் இரண்டும் உண்டு. காலையில் ரேடியோ வேண்டும் என்பவர்களுக்கு ஆல் இந்தியா ரேடியோவின் செயலியில் தமிழ் நிலையங்கள் வருகின்றன, அதற்கு மட்டும் நெட் தேவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்தான் என்றால் சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை, வைஃபை போதும், இல்லாவிட்டால் போனின் ஹாட்ஸ்பாட். கேமரா வீடியோ காலுக்குப் போதுமான அளவு எதிலும் இருக்கிறது. ரேம் 4 ஜிபிக்குக் கீழே வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று கட்டாயம் கேளுங்கள், இரண்டு வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் கொடுக்கும்போது இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஆண்ட்ராய்டு டேப்கள் பலவற்றில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம், பிள்ளை விளையாடினாலும் பாட்டியின் புத்தகம் விட்ட பக்கத்திலேயே இருக்கும்.

நேரில் போய் வாங்குபவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கடையில் இருக்கும் டெமோ டேப்பில் மின்னூலகத்தின் பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். படிக்கப் போகிறவரையே கூட்டிப் போய், அவருடைய கண்ணாடியோடு, ஒரு பக்கம் முழுக்க வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் போன மூன்று கடைகளில் இரண்டில் முதலில் மறுத்தார்கள், கலர் கலராக ஓடும் டெமோ வீடியோவைப் பார்த்தே முடிவு செய்யச் சொன்னார்கள். மூன்றாவது கடையில் ஒரு தம்பி பொறுமையாக எல்லாவற்றையும் திறந்து காட்டினார், அங்கேயேதான் வாங்கினேன். ஆன்லைனில் வாங்குபவர்கள் ஓர் அட்டையை 11.3-க்கு 19 சென்டிமீட்டர் வெட்டி, வீட்டில் இருக்கும் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒப்பிட்டு எழுதும்போது, ஒவ்வொரு டேப்பிலும் ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, அதைப் படமெடுத்து அருகருகே போடுங்கள். ஒரு ஸ்கேன் பக்கம், ஒரு இபப் பக்கம். அதோடு திரையின் அகலத்தைச் சென்டிமீட்டரில் கொடுங்கள், ஹெட்போன் துளையும் கார்டு இடமும் இருக்கிறதா என்று எழுதுங்கள். படிப்பவர் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றால் என் அம்மா தயாராக இருக்கிறார், கேட்டும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு வாசகி,
மயிலாடுதுறை