பேஸ் பெடல் குழு: விற்பவர், வாங்குபவர், சால்டர் பிடிப்பவர் கவனத்துக்கு

நண்பர்களே, பேஸ் கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை இங்கே விற்பனைக்குப் போடும்போது விலையும், அடிமூடியைக் கழற்றி எடுத்த படமும், எத்தனை வோல்ட் அடாப்டர் என்பதும் கட்டாயம். "விலை இன்பாக்ஸில்" என்றால் பதிவை நீக்கிவிடுவேன். உள்ளே ஏதாவது மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

"கிட்டார் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) பேஸுக்கு ஆகுமா?" என்று வாரம் ஒருவர் கேட்கிறார். ஆகும், ஆனால் அடிநாதம் மெலியும். பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் வகையிலோ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக டிரைவ் (கரகரப்பு) குறைகிறது. நீங்களே கட்டுவதாக இருந்தால், 4.7 கே ரெசிஸ்டரோடு தொடராக இருக்கும் 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை 0.22 ஆக்குங்கள், அந்த 720 எல்லை 150 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். 0.47 போட்டால் என் காதுக்கு ஒலி தெளிவில்லாத சேறு. அதைவிட, சுத்தமான சிக்னலைக் கலக்கும் பிளெண்ட் குமிழ் ஒன்று சேர்ப்பது மேல்.

அப்புறம், பாசிட்டிவ் கிரவுண்ட் (மின்சாரத்தின் பாசிட்டிவ் முனையே கிரவுண்டாக இருப்பது) கொண்ட பழைய பாணி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்காதீர்கள், ஷார்ட் ஆகும். பேட்டரியில் ஓட்டுங்கள். நான் ஒரு அடாப்டரைப் பலிகொடுத்துத்தான் இதைக் கற்றேன்.

கூரியர் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.