பாப்பாவுக்கு, பேண்ட் சா பத்தி

பாப்பா, நீ அனுப்புன வீடியோவ நேத்து ராத்திரி நாலஞ்சு தடவ பாத்துட்டேன், உங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் தூக்கம் வரல. பெங்களூர்ல வாடகை பட்டறைல பேண்ட் சால, அதான் ரெண்டு வீல்ல வளையமா ஓடுற பிளேடு மெஷின்ல, நீயே மரம் அறுக்குறது எனக்கும் பெருமைதான்டா, ஆனா வீடியோல மேல் கைடு, பிளேட நெளியாம பிடிக்கிற அந்த பாகம், அரை அடி ஒசரத்துல நிக்குது, நீ அறுக்குறது முக்கா இஞ்ச் பலகை. அவ்ளோ பிளேடு வெளிய தெரியவே கூடாது. மரத்துக்கு மேல ரெண்டு நூல், அதாவது ஒரு 6 மி.மீ. இடம் விட்டு கைட எறக்கி டைட் பண்ணு, மரத்தோட கனம் மாறுறப்பல்லாம் மறுபடி பண்ணு. பிளேடு நெளியாது, வெட்டு நேரா வரும், விரலும் உள்ள போகாது.

அப்புறம் உன் கட்டவிரல். கோட்டுக்கு நேரா வச்சு தள்ளுற. மரம் முடியிற எடத்துல எதிர்ப்பு டக்குன்னு போயிரும்மா, தள்ளுன வேகத்துல கை பல்லுக்கே போயிரும். மரத்தோட கடைசி நாலு இஞ்ச குச்சி வச்சுத்தான் தள்ளணும், கை எப்பவும் பிளேடுக்கு ரெண்டு பக்கமா இருக்கணும். கையில கட்டிருக்க கயித்த கழட்டி பைல வச்சுக்க, கிளவுசும் வேணாம்.

இதுல பல்லு கீழ்நோக்கி ஓடும், மரத்த டேபிளோட அழுத்தி வெட்டும், வட்ட பிளேடு சுத்துற சர்குலர் சா மாதிரி நம்ம மேல தூக்கி எறியாது. அதனாலயே பயம் விட்டுப் போகும். நீ மூணாப்பு படிக்கிறப்ப கட்டில் கால் ஒண்ண, கடைஞ்ச உருட்டுக் கட்டை, வெறும் கையால பிடிச்சு குறுக்க அறுத்தேன். பல்லு பட்ட உடனே கட்டை கையிலேருந்து பிடுங்கிக்கிட்டு முன்னால உருண்டுச்சு, பிளேடு முறுக்கி படார்னு அறுந்துச்சு, என் நகம் டேபிள்ல இடிச்சு கருத்துப் போச்சு. இன்னும் அரை இஞ்ச் தள்ளி கை இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் உள்ளங்கை வேர்க்குது. உருண்டைய அறுக்கணும்னா வி பள்ளம் போட்ட கட்டைல உக்கார வச்சு அறு.

நேரா போகாம ஒரு பக்கமா இழுக்குதுப்பான்னு கேட்டியே, அது உன் கை தப்பு இல்ல. ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும். ஓரம் நேரா இருக்க ஒரு வேஸ்ட் பலகைல ஓரத்துக்கு இணையா கோடு போட்டு, பென்ஸ், அதான் மரத்த ஒட்டித் தள்ளுற நேர் சட்டம், இல்லாம கையாலயே கோட்ட பிடிச்சு அறு, பாதில பலகைய அசைக்காம மெஷின ஆஃப் பண்ணு, வீல் நின்னதும் பலகை ஓரத்த ஒட்டி டேபிள்ல பென்சில் இழு. அந்த கோட்டுக்கு பென்ஸ திருப்பி வை, அவ்ளோதான்.

வளைவுக்கு, அரை இஞ்ச் பிளேட வச்சு சின்ன வட்டம் திருப்பாத, ரெண்டரை இஞ்ச் ஆரத்துக்கு கீழ அது திரும்பாது, கால் இஞ்ச் பிளேடு மாத்திக்க. மாட்டிக்கிச்சுன்னா ஓடுறப்ப மரத்த பின்னால இழுக்காத, வீல்லேருந்து பிளேடே கழண்டு வந்துரும். டிக் டிக்குன்னு ஒரே தாளத்துல சத்தம் கேட்டா பிளேட வளையமா சேத்த ஒட்டு விரியுதுன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணிட்டு தள்ளி நில்லு. ஊர்லேருந்து நீ எடுத்துட்டுப் போன பழைய பர்மா தேக்குல ஆணி இருக்கும், அறுக்குறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு தடவிப் பாரு.

சனிக்கிழமை அங்க போனதும் கைட எறக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அத பாத்துட்டுதான் நான் பட்டறைக்கு கெளம்புவேன்.

அப்பா