வாங்காத பருப்புக்கு வந்த குறுஞ்செய்தி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீங்கள் மீண்டும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. இங்கு அனைவரும் நலம். ரேஷன் கடைகளில் இத்தனை கருவிகள் வந்த பிறகு திருட்டு குறைந்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

என் காலத்தில் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினாலே விஷயம் தெரிந்துவிடும். மாதத்தின் கடைசி நாளில், ஒரே பேனா மையில், அட்டை எண் வரிசை சற்றும் பிசகாமல் 40 ரசீதுகள் இருக்கும். வரிசையில் நின்று வாங்குகிறவர்கள் அட்டை எண் வரிசைப்படியா வருவார்கள்? ஆனால் அதைக் கண்டுபிடித்து நான் குறிப்பு எழுதும்போது ஆறு மாதம் கடந்திருக்கும். அரிசியும் சர்க்கரையும் எங்கோ விற்றுத் தீர்ந்திருக்கும். அந்த இடைவெளியைக் குறைத்ததுதான் கருவிகள் செய்த முதல் நன்மை. தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. ரசீது போட்ட சில நொடிகளில் என்னென்ன பொருள் வாங்கினோம் என்ற குறுஞ்செய்தி அட்டைதாரரின் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. தணிக்கையாளன் ஆறு மாதம் கழித்துப் பார்த்ததை வீட்டிலிருப்பவர் அன்றே பார்த்துவிடுகிறார்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா தனியாக இருப்பவர்; நாற்று நட்டும் களை பறித்தும் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துபோனவர். கடையில் ஈரத்துணியால் விரலைத் துடைத்துத் துடைத்து, நான்காவது முறை வைத்தபோதுதான் கருவி ஏற்றுக்கொண்டது. அரிசியைக் கொடுத்த விற்பனையாளர், பருப்பும் பாமாயிலும் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அரிசியோடு துவரம் பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர் என்றும் அதில் பதிவாகியிருந்தது. கடையில் 30 ரூபாய்க்குத் தரும் பருப்பை வெளியே வாங்க வேண்டுமென்றால் அவரைப் போன்றவர் எத்தனை முறை யோசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் நானும் உடன் சென்று குறுஞ்செய்தியைக் காட்டினேன். தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று சொல்லி இரண்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் எதிர்வீட்டில் இல்லாத பெரியம்மாக்களின் பருப்பு என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைரேகை, அந்த அம்மாள் கடைக்கு வந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லியது. அவர் பையில் என்ன விழுந்தது என்பதற்கு அல்ல. பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் நெடுநாளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்கும் ஆள்மாறாட்ட மோசடி வேறு, உரியதைவிடக் குறைத்துக் கொடுக்கும் அளவு மோசடி வேறு, கைரேகையால் தடுக்கக்கூடியது முதலாவதை மட்டுமே. ஜார்க்கண்டில் ஆதார் கைரேகை முறையைக் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, அந்த முறையால் மட்டும் கசிவு, அதாவது உரியவரைச் சேராமல் வெளியே போகும் பொருளின் அளவு, குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதும், ஆதார் இணைக்கப்படாத குடும்பங்கள் தங்களுக்குரிய பொருளில் ஒரு பகுதியை இழந்தார்கள் என்பதும் தெரியவந்தன. அதே மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்ட வீட்டில் 2017 செப்டம்பரில் ஒரு சிறுமி இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். அரசு அதை மறுத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், ஏழைகளின் விரலை மட்டும் சோதிக்கும் எந்தக் கருவியையும் என்னால் சீர்திருத்தம் என்று ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

சோதனை மேலிருந்து தொடங்க வேண்டும். கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டை நிறுத்துப் பார்த்தால் இரண்டு, மூன்று கிலோ குறைகிறது என்று விற்பனையாளர்கள் வருடக்கணக்கில் முறையிடுகிறார்கள். அங்கே குறைந்தது அட்டைதாரரின் தலையில்தான் விடிகிறது. இப்போது மின்னணுத் தராசைக் கடையில் ரசீது போடும் பி.ஓ.எஸ். கருவியோடு இணைத்து, சரியான எடை வைத்தால் மட்டுமே ரசீது வரும்படி செய்கிறார்கள். நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் கிடங்கில் அதே கண்டிப்பு இல்லாமல் கடையில் மட்டும் இணைத்தால், நேர்மையான விற்பனையாளர் கைப்பணம் போட்டு ஈடுகட்ட வேண்டிவரும், அல்லது நேர்மையை விட வேண்டிவரும்.

நீங்கள் சத்தீஸ்கரின் ராய்ப்பூரில் வங்கிப் பணியில் இருந்தபோது மஞ்சள் வண்ணம் பூசிய ரேஷன் லாரிகளைப் பற்றி எழுதியது நினைவிருக்கிறதா? அந்த மாநிலத்தில் 2004 முதல் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பஞ்சாயத்துகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கொடுத்தார்கள், கடை நடத்துவோருக்கான கமிஷனை உயர்த்தினார்கள், அதன் பிறகு கணக்கைக் கணினிக்கு மாற்றி, லாரி கிடங்கை விட்டுப் புறப்பட்டதும் பதிவு செய்துகொண்ட ஊர்க்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பாதி அளவுக்குக் கசிந்துகொண்டிருந்த தானியம், 2011-12ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக் கசிவாகக் குறைந்தது. லாரி வருவது ஊருக்கே தெரிந்திருந்தால் இன்னும் சரக்கு வரவில்லை என்று பெரியம்மாவிடம் யாரால் சொல்ல முடியும்?

வரும் கிராம சபைக் கூட்டத்தில், கடைக்கு இறங்கும் மூட்டைகளின் எண்ணிக்கையையும் எடையையும் அட்டைதாரர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கு இடம் இருப்பதால் மறுக்க முடியாது என்பது என் நம்பிக்கை. சத்தீஸ்கரில் கைப்பேசி எண்ணை எங்கே பதிவு செய்தார்கள், செய்தியில் என்னென்ன விவரம் இருந்தது, கைப்பேசி இல்லாதவர்களுக்கு எப்படித் தெரிவித்தார்கள் என்பவற்றை உங்கள் பழைய அலுவலக நண்பர்களிடம் கேட்டு, முடிந்தால் இந்த மாதத்திற்குள் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் விடுதித் தோழன்