விசுவமடுவில் இருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் சனசமூக நிலையத்தின் ஜிம்னாஸ்டிக் வகுப்புக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

முதல் நன்றி தச்சு ஆசாரியாருக்கு. பிள்ளைகள் ஏறி நடந்து பழகும் மரச் சமநிலைச் சட்டம் 5 மீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகலம் என்று மட்டுந்தான் சொன்னோம். காய்ந்த வேம்பில் அறுத்து, பிள்ளைகளின் காலில் சிராம்பு ஏறாமல் விளிம்பெல்லாம் உருட்டி, வெறுங்காலோடு தானே நடந்து பார்த்த பிறகுதான் தந்தார். போட்டியில் சட்டம் 1.25 மீற்றர் உயரத்தில் நிற்கும். எங்களுடையது ஒரு சாண் போதும் என்றதும் அவர்தான். கூலி கேட்டதற்கு "பிறகு பாப்பம்" என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

தும்பு மெத்தைகளுக்கு உறை தைத்த அக்கா, அவற்றை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்த தம்பி, நெல் ஸ்டோரைத் திறந்துவிட்ட மில் முதலாளி, மூவருக்கும் நன்றி.

அடுத்து, பெற்றோர் கூட்டத்தில் பேசிய ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியருக்கு. "பல்டி அடிச்சு என்ன பிழைப்பு?" என்று கேட்டவர்களோடு அவர் கோபிக்கவில்லை, சீனாவின் ஜிம்னாஸ்டிக் வீரர் லீ நிங்கின் கதையைச் சொன்னார். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 3 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம். 1988இல் சீயோலில் வளையத்திலும் விழுந்தார், குதிரை தாண்டுதலிலும் விழுந்தார். வாழ்த்திய வாய்களே வைதன. விளையாட்டை விட்டுக் குளிர்பானக் கம்பனி ஒன்றில் சேர்ந்தார்; 1990இல் தன் பெயரிலேயே விளையாட்டு உடைக் கம்பனி தொடங்கினார். 2004இல் அது கொங்கொங் பங்குச் சந்தைக்குப் போனது. 2008இல் பீஜிங்கில் கம்பியில் தொங்கியபடி அரங்கைச் சுற்றிவந்து ஒலிம்பிக் தீபம் ஏற்றினவரும் அவரே. அந்த ஒலிம்பிக்கின் அனுசரணையாளரோ போட்டிக் கம்பனியான அடிடாஸ்! கடை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நன்றாகச் சிரித்தார்கள்.

விழுந்த கதையை ஆசிரியர் மறைக்காததற்கு என் தனி நன்றி. பதக்கத்தை மட்டும் சொல்லியிருந்தால் எங்கட சனம் நம்பியிராது. சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் அம்மா ஒருவர், "கம்பனி தொடங்கக் காசு ஆர் குடுத்தது?" என்று கேட்டார். அன்றைய நல்ல கேள்வி அதுதான். அந்தக் குளிர்பானக் கம்பனிதான் முதல் போட்டது என்றார் ஆசிரியர். அடுத்த கிழமை அவ தன் இரண்டு பெட்டைகளையும் கூட்டிவந்து விட்டா.

உடுப்புக்குக் காசு அனுப்பிய லண்டன் பிள்ளைகளுக்கும் நன்றி. பற்றுச்சீட்டு நிலையப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

மாசியில் அறுவடை வந்தால் ஸ்டோரை நெல்லுக்கு விடவேணும். கொட்டில் போடக் கிடுகு தருவதாகச் சொன்னவர்களுக்கு இப்போதே நன்றி சொல்லிவைக்கிறோம். இனிப் பின்வாங்க ஏலாது.

செயலாளர்,
சனசமூக நிலையம்