இந்த முறை கடைமடையிலிருந்து தூர் வாருகிறோம்: நன்கொடை வேண்டுகோள்

வாய்க்கால் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வடிகால் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கும் வணக்கம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். போன முறை வசூலான பணம் பாதி வேலைக்குத்தான் வந்தது. பாதியாவது ஆகட்டுமே என்று வடிகாலின் மேல் பகுதியை மட்டும் தூர் வாரினோம். மழை வந்தபோது மேலேயிருந்த தண்ணீர் வேகமாக இறங்கி, அடைபட்டுக் கிடந்த கீழ்ப் பகுதியில் முட்டி, கரை தாண்டி வயலுக்குள் ஏறிவிட்டது. பணம் கொடுத்த கடைமடைக்காரர்களே, அதாவது வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவர்களே, பயிரை இழந்தார்கள். அவர்கள் எங்களைத் திட்டியதில் நியாயம் இருந்தது.

அதனால் இந்த முறை தண்ணீர் போய் விழும் இடத்தை முதலில் திறந்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வெட்டி வருவோம். முழு நீளத்துக்கும் பணம் சேராமல் வேலையைத் தொடங்கப் போவதில்லை.

"என் வயலுக்கு எதிரில் இருப்பதை நானே வெட்டிக்கொள்கிறேன், பணம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் பள்ளம் பறித்தால் அங்கே தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான். அடி மட்டம் சீராகச் சரிந்தால்தான் ஓடும். அப்புறம், அடைப்பு பெரும்பாலும் யாருடைய வயலுக்கும் எதிரில் இருப்பதில்லை. பாதைக்கு அடியில் போகும் குழாய், மதகின் வாய், ஆள் நடமாட்டமில்லாத வளைவு, இங்கேதான் குப்பையும் பிளாஸ்டிக் பையும் போய்ச் சிக்குகின்றன.

இயந்திரம் எதற்கு என்பதற்கு ஒரு கணக்கு. அடிப்பகுதி 1 மீட்டர் அகலம் உள்ள வாய்க்காலில் 20 சென்டிமீட்டர் வண்டல் படிந்திருந்தால், 100 மீட்டர் நீளத்தில் 20 கன மீட்டர் சேறு. ஈரத்தோடு அது சுமார் 30 டன் வரும். மண்வெட்டியால் ஆகிற காரியமா? மண்ணைவிடச் செடி இன்னும் மோசம். கோரையும் சம்பும் மண்டிவிட்டால், அகலமும் ஆழமும் அப்படியே இருந்தாலும், வழக்கமாகப் போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போனாலே பெரிது. ஓட்டம் குறையக் குறைய வண்டல் படிகிறது, அந்த வண்டலில் இன்னும் செடி முளைக்கிறது. ஆகவே வசூலில் ஒரு பகுதியை அடுத்த வருடம் செடி வெட்டுவதற்கென்று ஒதுக்கி வைப்போம்.

வடியாத நிலத்தில் வேருக்குக் காற்று கிடைக்காமல் பயிர் மஞ்சளாகிறது. நிலத்தடி நீர் மேலேயே நின்றால் வெயிலில் உப்பும் பூக்கும். உப்பு பூத்த நிலத்தைத் திரும்பக் கொண்டுவர ஆகும் செலவைப் பார்த்தால் நாங்கள் கேட்பது ஒன்றுமே இல்லை.

பணம் இல்லாவிட்டால் டீசலாகவோ, டிராக்டராகவோ, ஆள் உழைப்பாகவோ கொடுக்கலாம். சேற்றைக் கொட்ட இடமும் வேண்டும். கரை விளிம்பிலேயே குவித்தால் அடுத்த மழையில் உள்ளே சரிந்துவிடும் (இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்). நல்ல வண்டலை வயலில் பரப்பிக்கொள்ள விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். சாக்கடை கலக்கும் இடத்துச் சேற்றை மட்டும் வயலில் போட வேண்டாம். அதை வண்டி வைத்துத் தனியாக அப்புறப்படுத்துகிறோம். கரைச் சரிவில் இருக்கும் புல்லையும் விட்டுவைப்போம், மண்ணைப் பிடித்து நிற்பது அதுதான்.

ஏக்கர் கணக்கில் எல்லோருக்கும் ஒரே அளவு. போன முறை பயிர் இழந்தவர்களிடம் இந்த முறை கேட்கப் போவதில்லை. தலைமடைக்காரர்கள் அந்தப் பங்கையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் நல்லது. தண்ணீர் முதலில் கிடைப்பது உங்களுக்கு, உங்கள் வடிநீர் போய் இறங்குவது அவர்கள் பக்கம்.

இயந்திரம் ஓடிய நேரத்தை அன்றன்றே எழுதி, குழுவுக்கு வெளியே ஒருவரிடமும் கையெழுத்து வாங்குவோம். வரவு செலவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பாசனத் தண்ணீர் நிறுத்தியதும் வேலை தொடங்க வேண்டும், கிடைப்பது சில நாட்கள்தான். அதற்கு ஒரு வாரம் முன்பே பொருளாளரிடம் தொகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாய்க்கால் வடிகால் பராமரிப்புக் குழு